துண்டுக்குள் விட்ட கை

என் பிரியமுள்ள வனஜா அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலாவது வருஷம் இது. நாளை மறுநாள் கோவில்பட்டியில் டெல்லிக்கு ரயில் ஏறுகிறேன். தனியாகத்தான். நம் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மாப்பிள்ளை வந்து அழைத்துப் போகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். மதுரையைத் தாண்டாதவளுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? நீங்கள் கொடுத்ததுதானே?

கரிசல் சேற்றில் வழுக்கி விழுந்து, கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தீர்களே, அந்த வருஷம். வனஜாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் காளைகளை விற்றால்தான் சேர்க்க முடியும். நான் சந்தைக்குப் போகிறேன் என்றதும் உங்களுக்கு வந்ததே கோபம்!

“ஏட்டி, பொம்பளை போய்த் துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுனா ஊரு சிரிக்கும்லா?”

“புள்ள படிக்காம வீட்ல கெடந்தா மட்டும் சிரிக்காதாக்கும்?”

முனகிக்கொண்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்தீர்கள். பிறகு தோள் துண்டை எடுத்து நம் இருவர் கையையும் மூடினீர்கள். எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை, மடக்கினால் என்ன விலை என்று சொல்லிக்கொடுத்தீர்கள். கல்யாணத்தன்று பிடித்ததற்குப் பிறகு, அன்றுதான் என் கையை அவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்.

“மொத வெலைக்குக் கைய உருவிரு. பொறவு அவனே கூப்பிடுவான்.”

சந்தையில் தரகர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். “வீட்ல ஆம்பளை இல்லியா தாயி?”

“இருக்காவ அண்ணாச்சி. கால்தான் ஒடஞ்சிருக்கு. வெல பேசக் கைதான வேணும்? இந்தா இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துண்டுக்குள் கையை விட்டேன். அவர் விரல்தான் முதலில் கூசியது. அவர் காட்டிய விலைக்குக் கையை உருவிக்கொண்டு மாடுகளைத் திருப்பினேன். “எம்மா, நில்லும்மா!” மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் நின்றேன்.

வீடு வந்ததும், “பயந்தியாட்டி?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். பொய். மாடுகள் கைமாறியதும் சந்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை உங்களிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்களோ?

நேற்று நம் பேத்தி போனில் கேட்கிறாள்: “ஆச்சி, இந்தி தெரியாம எப்படி வருவ?”

“பசிச்சா வாயக் காட்டுவேன், வழி தப்புனா கத்துவேன். போதாதாட்டி?”

எட்டு வயதில் மூன்று பாஷை பேசுகிறாள், உங்கள் பேத்தி!

பயம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. அது போகட்டும் என்று காத்திருந்தால், பிறக்கப்போகிற பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும். அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கியதும் உங்களுக்கும் சேர்த்து ஒருமுறை உச்சி முகர்ந்துவிடுகிறேன். இது என் வாக்கு.

உங்கள் மகளைப் பெற்றவள்,
உங்கள் பேத்தியின் ஆச்சி