ஒரு நாள் முந்திய வாழ்த்து

28 அக்டோபர் 2005, வெள்ளி

டிரெஸ்டன். இப்போது நான் இருக்கும் கீல் நகரத்திலிருந்து ஏழு மணி நேர ரயில், இடுப்பு கழன்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் கழித்து வந்திருக்கிறேன், அதுவும் சுற்றுலாப் பயணியாக. விடுதிக்காரி கிரெட்ச்மர் அம்மாள் ஊர் வரைபடத்தைக் கையில் திணித்து, "முதல் தடவையா வர்றீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இங்கே பிறந்தவள் என்றால் யார் வீட்டுப் பெண் என்று கேட்பாளே.

30 அக்டோபர், ஞாயிறு

திரும்பக் கட்டிய பெரிய தேவாலயத்தை இன்று திறந்தார்கள். சதுக்கத்தில் எள் விழ இடமில்லை. வெண்ணெய் நிறப் புதுக் கற்களுக்கு நடுவே, இடிபாட்டிலிருந்து பொறுக்கிய கறுத்த பழைய கற்கள். பக்கத்தில் நின்ற ம்யூனிக்காரர் மனைவியிடம், "அப்படியே பழையபடி கட்டிட்டாங்க பாரு" என்றார்.

பழையபடியா? எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே இருந்தது ஒரு கற்குவியல். போரில் இடிந்து அப்படியே கிடந்தது. பள்ளி விட்டதும் அக்கா ஹைட்ரூன் அதன் ஓரத்தில்தான் எனக்காகக் காத்திருப்பாள். மணி அடித்தபோது எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. எனக்கு அந்தக் குவியல் வேண்டும். அங்கே நிற்கும் அக்கா வேண்டும்.

31 அக்டோபர்

எழுதியே விடுகிறேன். அப்போது நாடு இரண்டாக இருந்தது, இந்த ஊர் கிழக்கில். மேற்கு ஜெர்மனிக்குப் போக நான் மனுப் போட்டது அக்காவுக்குத் தெரியாது. சொன்னால் தடுப்பாள் என்று பயம். அனுமதி வந்ததும் ஒரு நாள் காலையில் ரயிலேறிவிட்டேன். தங்கை போனதற்கு அக்காவைத் தண்டித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளைச் சலவை ஆலைக்கு அனுப்பினார்கள். பிறகு நடுவில் இருந்த சுவர் விழுந்தது, நாடு ஒன்றானது. என் கடிதங்களுக்கு மட்டும் பதில் இல்லை.

இந்த ஊரைக் கட்ட அறுபது வருடம் ஆகியிருக்கிறது. எனக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

2 நவம்பர்

எல்பே ஆற்றோரமாக அக்கா வீடு வரை நடந்தேன். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் 'பெட்சோல்ட்' என்று அப்பாவின் குடும்பப் பெயர். விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். கோழை.

3 நவம்பர், வியாழன்

நாளை அவளுக்கு அறுபது முடிகிறது. நாளைக்குப் போனால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் கதவைச் சாத்தினால் தாங்கமாட்டேன். அதனால் இன்று மத்தியானமே போனேன்.

அவளே திறந்தாள். முழுக்க நரைத்துவிட்டது. வழியெல்லாம் மன்னிப்பைத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். பூங்கொத்தை நீட்டி, "பிறந்தநாள் வாழ்த்துகள், அக்கா" என்றேன்.

அட மடச்சி! முந்தி வாழ்த்துவது எங்களுக்கு ஆகவே ஆகாது. வாழ்த்து வாங்கியவர் அந்த நாளைப் பார்க்கமாட்டார் என்பார்கள். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஏண்டி, என்னைக் கொன்னுட்டுப் போகத்தான் வந்தியா?"

"இல்லக்கா, வாய் தவறி..."

"எடுத்துட்டுப் போ அந்தப் பூவை."

கதவை முக்கால்வாசி சாத்தினாள். பிறகு இடுக்கு வழியாக, "நாளைக்கு மூணு மணிக்கு வந்து ஒழுங்கா சொல்லு. இல்லேன்னா கெட்டது என் தலையில நிக்கும்."

ஆற்றங்கரைப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

4 நவம்பர், வெள்ளி

மூன்று மணிக்குச் சரியாக மணியை அழுத்தினேன், சரியாகச் சொன்னேன். "ம்" என்றாள். உள்ளே சலவை ஆலைத் தோழிகள் மூன்று பேர். காப்பி எங்கள் ஊர் வழக்கப்படி கோப்பையின் அடியில் வரைந்த பூ தெரியும் அளவுக்குத் தண்ணியாக இருந்தது. நான் அதைப் பார்த்தபடியே இருந்தேன்.

ஒருத்தி, "இது யாரு ஹைட்ரூன்?" என்றாள்.

"என் தங்கச்சி. எதுலயும் அவசரம் அவளுக்கு."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ போனது கூடப் பரவாயில்லடி. எங்கிட்ட சொல்லலையே."

தட்டை அலமாரியில் வைத்தேன். அடுத்த தட்டை நீட்டியபடி, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நாளை காலை ஒன்பதரை என்றேன்.

"சரி, ஸ்டேஷனுக்கு வர்றேன்," என்றாள். "போன தடவைதான் வழியனுப்ப முடியல."