அவர் சிரித்துக்கொண்டே சொன்னது

காது கேளாத எனக்குக் கையாலேயே ஒரு பெயர் வைத்து, அதைச் சொல்லியே கூப்பிட்ட அமுதா அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு இங்கே சம்பா நடவு முடிந்துவிட்டது. காய்ச்சல் என்று படுத்த நீங்கள் இப்படி எழுந்திருக்காமலே போவீர்கள் என்று யார் நினைத்தோம்? நான் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். மாணவர்கள் பேசுவதைச் சைகையில் எனக்குச் சொல்லவும், என் சைகைக்குக் குரல் கொடுக்கவும் உங்கள் இடத்தில் கூத்தாநல்லூரிலிருந்து சாதிக் என்பவர் வருகிறார். நல்ல மனிதர். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

அந்தக் கருத்தரங்கு நினைவிருக்கிறதா? குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்தபோது, பதிவதற்கு முன்பே வயலைவிட்டு இறக்கிவிடப்பட்ட எங்கள் ஊர்க் குடும்பங்களைப் பற்றிப் பேசினேன். முடித்ததும் ஒருவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை, முகம் நிறையச் சிரிப்பு. இன்றும் அந்த வயல்களை வைத்திருக்கும் குடும்பத்துக்காரர். பாராட்டுகிறார் என்று நானும் சிரித்தேன். அப்புறம்தான் உங்கள் கையைப் பார்த்தேன்.

“உங்க அப்பா எங்க வயல்லதான் கெடந்தாரு. உங்க அம்மா இன்னும் அந்த ஊர்லதான் இருக்காங்க. பாத்து எழுதுங்க.”

அவர் ‘எங்க’ என்றபோது உங்கள் விரல் உங்கள் நெஞ்சைத் தொட்டது. ‘உங்க’ என்றபோது என்னை நோக்கி நீண்டது. எனக்கு மிகப் பிரியமான கைகளே என்னை மிரட்டின. பேருந்தில் திரும்பும்போது, கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“கொறச்சா, நீ அவன் சிரிப்பத்தானே நம்புவே?” என்றீர்கள்.

தரங்கம்பாடியில் காது கேளாத அப்பா அம்மாவுக்குப் பிறந்து, மீன் ஏலத்தில் சிரித்த முகத்தோடு அவர்களை வைதவர்களைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். எனக்கு அன்று அது முழுதாகப் புரியவில்லை.

அந்தக் குடும்பங்களைப் பற்றிய என் புத்தகம் வெளிவந்துவிட்டது அக்கா. போன வாரம் அதே மனிதர் கல்லூரி முதல்வரோடு என் அறைக்கு வந்தார். அதே கும்பிடு, அதே சிரிப்பு. நீளமாக ஏதோ பேசினார். சாதிக் சாரின் கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு, வாழ்த்துச் சொல்கிறார் என்று மட்டும் காட்டியது. முதல்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்த்துக்கு யாராவது தரையைப் பார்ப்பார்களா? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்றார் சாதிக் சார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார், பாவம்.

“என் பயத்த நான் பட்டுக்கறேன் சார். அத நீங்க எடுத்து வச்சுக்காதீங்க,” என்றேன்.

பிறகு அவர் கை அந்த மனிதரின் பேச்சைக் காட்டியது.

“போன தடவ உங்ககூட வந்து கையால சொன்ன அம்மா இப்ப இல்லையாமே. இனிமே நாங்க பேசறத யாரு உங்களுக்குச் சொல்லுவா?”

உங்கள் சாவையும் அந்த மனிதர் விசாரித்து வைத்திருக்கிறார் அக்கா. அவரை நேராகப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

“சொல்ல ஆள் இருக்காங்க. இப்ப நீங்க சொன்னதையும் சொல்லிட்டாங்க,” என்றேன். அதைச் சாதிக் சார் என்ன குரலில் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு மட்டும் நின்றுபோனதைப் பார்த்தேன். இருவரும் எழுந்து போனார்கள்.

இனி என்ன செய்வார்? அம்மாவை என்னோடு தஞ்சாவூரில் வந்து இருக்கச் சொன்னேன். வயல் கூலிக்குப் போகிறவள் எங்கே வருவாள்?

நாளை நானும் சாதிக் சாரும் ஊருக்குப் போகிறோம். இறக்கிவிடப்பட்ட வீட்டுப் பெண்கள் இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள், பக்கத்தில் சாதிக் சார். அவர்கள் முகமும் அவர் கையும் தெரிய வேண்டுமென்றால் நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பின்னால் வண்டி வந்து நின்றாலும் எனக்குக் கேட்காது.

அப்படியே உட்காருவேன் அக்கா. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன்.

உங்கள் கையில் உலகத்தைக் கேட்ட தங்கை,
பூங்கொடி