அல்மாஸ் தைத்த பெட்டி

சல்வா, குவைத்
12.01.2024

அன்பின் அக்கா,

நான் சுகம். போன் மேடத்தின் கையில். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்தில் நின்றுதான் கதைக்க விடுகிறா. மேடத்தின் தாயைப் பார்க்கிற நர்ஸ் ஜலஜா அப்பாசியாவில் இருந்து வந்து போகிறவ. லீவில் போகிற ஆரிடமாவது இதைக் கொடுத்துவிடுவா. பதிலை அவவின் ரூமுக்கே போடுங்கோ.

இதோடு வருகிற பெட்டி, என்னோடு வேலை செய்கிற எத்தியோப்பியப் பிள்ளை அல்மாஸ் தைத்தது. தன் ஊர்ப் புல்லைச் சுருட்டிச் சுருட்டி ஊசியால் தைக்கிறாள். கோடு ஒன்றும் கீறுவதில்லை. வட்டம் பெருக்க, நடுவில் தைத்த நட்சத்திரமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய் விரிகிறது. கணக்கு ரீச்சரான உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

தங்கை
சிவரூபி


கோண்டாவில்
20.02.2024

என் செல்லத் தங்கச்சி,

பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆறில் ஒரு பங்கு திருப்பினாலும் அதே உருவம். சுழற்சிச் சமச்சீர் விளங்காத பிள்ளையள் இதைக் கையில் சுழற்றி விளங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தையல் ஒரே அளவு கூடுகிறது. எப்படிக் கணக்கு வைக்கிறாள் என்று கேள். கண்காட்சிக்கு இன்னும் நாலைந்து வேணும், கெதியா அனுப்பு.

உன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. ஒழுங்காய்ச் சாப்பிடுகிறாயா?

அக்கா
தக்ஷாயினி


சல்வா
05.04.2024

அன்பின் அக்கா,

கேட்டேன். எங்களுக்குள் சமையலறை அரபு மட்டும்தான். "உம்மி" என்றாள். தாய் பாடிப் பாடித்தான் எண்ணுவாவாம். எனக்கும் பாடிக் காட்டினாள்.

உங்கள் கண்காட்சிக்கென்று மத்தியான ஓய்வில் தைத்துக்கொண்டிருந்தாள். மேடம் கண்டுவிட்டா. "நான்தான் கேட்டனான்" என்றேன். "கலாஸ்", முடிஞ்சுது என்று கையை விசுக்கினா. அடுத்த நாள் எங்களுக்கு விசா எடுத்த கஃபீல் அவளை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். எந்த வீடென்று தெரியாது. "ரூபி, ரூபி" என்று கூப்பிட்டபடி காரில் ஏறினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிவரூபி


கோண்டாவில்
11.05.2024

ரூபி,

கொழும்பில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தேன். அவள் எங்கட நாட்டவள் இல்லையாம், தாங்கள் தலையிட ஏலாதாம். அவளின் தூதரகத்தில் சொல்வதென்றால் முழுப்பெயர் வேணும். உடனே எழுது.

கண்காட்சியில் பெட்டிக்கு முதற்பரிசு. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அக்கா


சல்வா
30.06.2024

அக்கா,

முழுப்பெயர் தெரியாது. அல்மாஸ் என்பதே மேடம் வைத்த பெயராம். ஜலஜா சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்போது ஒரு கென்யாப் பிள்ளை வந்திருக்கிறாள். அவளும் அல்மாஸ்தான். முதலில் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இப்ப திரும்புகிறாள்.

ஓய்வில் சின்ன மணிகள் கோர்க்கிறாள். நிறங்கள் ஏதோ ஒழுங்கில் மாறி மாறி வருகின்றன. என்ன ஒழுங்கென்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதேங்கோ.

சிவரூபி