வேறு வட்டாரத்து வட்டு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று தலைமையாசிரியையின் குரலில் எங்கள் வகுப்புக்கு விடுமுறை விட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டென்த் பி, பையை எடுத்துட்டு வரிசையா கிளம்புங்க" என்றேன். பாதி வகுப்பு மாடிப்படி வரைக்கும் போய்விட்டது. அங்கே நிஜத் தலைமையாசிரியை மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரே குரல், இரண்டு தொண்டை. என்னை வெளியே நிறுத்தினார். வெளியே நல்ல காற்று.

வீட்டுக்கு வந்து தம்பிக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவனுக்கு ஐந்து வயசு. வீட்டில் பெயர் பொடிசு. தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார், மேல்வீட்டு மாமாவின் தும்மல், அப்பாவின் "ம்ஹூம், முடியாது". உருண்டு உருண்டு சிரித்தான். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

"அக்கா, இப்ப அம்மா மாதிரி பேசு."

வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 4, புதன்

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு முயற்சி செய்து பார்த்தேன். அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. "கால் கழுவிட்டு உள்ள வா." "ஏய் வாலு, அந்தப் பல்லியை அது பாட்டுக்கு விடு." வார்த்தை வருகிறது, ஆனால் என் குரலில் வருகிறது. முகம் தெரிகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை.

கணக்கு வாத்தியார் குரல் செத்தாலும் மறக்காது. அம்மா குரல் இரண்டரை வருஷத்துல போயிடுமா? என்ன பொண்ணுடி நீ?

பொடிசுக்கு மறக்கிற கஷ்டம் இல்லை. அம்மா போனபோது அவனுக்குப் பேச்சே சரியாக வரவில்லை.

பிப்ரவரி 7, சனி

அப்பாவின் சாக்ஸ் வாயைத் தைத்து வைக்கலாம் என்று அவர் அலமாரியைக் குடைந்தேன். இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு டிவிடி. அட்டையில் ஒரு மான், ஒரு நரி, ஒரு வாத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் குரல் கொடுத்தவர்கள் பெயர். மூன்றாவது பெயர் அம்மா.

நாங்கள் முன்பு இருந்த நாட்டில் அம்மாவுக்கு டப்பிங் வேலை. அங்கே நம் ஆட்கள் நிறைய உண்டு என்பதால் கார்ட்டூன் படங்களைத் தமிழிலும் விற்பார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வெளிவந்த படம் இது. வீட்டுக்கு ஒரு டிவிடி அனுப்பினார்கள், அதைப் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. வீட்டிலும் அம்மாவின் குரலை யாரும் பதிந்து வைக்கவில்லை. 'நாள் பூரா மைக் முன்னாடி நிக்கிறவ, வீட்டுலயும் மைக்கா?' என்பாராம் அப்பா.

ஆக, உலகத்தில் அம்மா குரல் என்று எங்களிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு தட்டுதான்.

கம்ப்யூட்டரில் போட்டேன். ஓடவில்லை. இது வேறு வட்டாரத்து டிவிடியாம், இங்கே ஓடாதாம். வட்டுக்கும் வட்டாரமாம்! அட்டையைத் திருப்பினால் குட்டி உலக உருண்டை, அதற்குள் ஓர் எண். பொடிசின் கார்ட்டூன்களில் வேறு எண். சரி, காப்பி எடுத்துப் பார்க்கலாம் என்றால் கொஞ்ச தூரம் போய் அதுவும் நின்றுவிட்டது.

நாங்கள் மூன்று பேரும் நாடு விட்டு நாடு வந்துவிட்டோம். அம்மாவை மட்டும் எல்லையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை அண்ணனுக்கு நான் வைத்த பெயர் திருப்புளி. சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் அதுதான் இருக்கும்.

"அண்ணே, இதை ஒரு காப்பி எடுத்துத் தரணும்."

"சர்க்கரை போட்டா, போடாமலா?"

கடிக்க வந்த இடத்தில் என்னையே கடித்துவிட்டார். டிவிடியைத் திருப்பிப் பார்த்தார்.

"காப்பி எடுக்கணும்னா முதல்ல அது படிக்கணும். உங்க டிரைவு இதைப் படிக்கவே மாட்டேங்குது. டிரைவோட வட்டாரத்தை மாத்தலாம். ஆனா மொத்தமே அஞ்சு தடவைதான். கடைசித் தடவை எந்தப் பக்கம் வெக்கிறியோ, ஆயுசுக்கும் அந்தப் பக்கம்தான்."

"அப்புறம் கெஞ்சினா?"

"அது என்ன உங்கப்பாவா, கெஞ்சினா மனசு மாற?"

"எங்கப்பாவும் மாற மாட்டாருண்ணே."

"அப்ப ரெண்டும் ஒரே கம்பெனி போல."

"உங்க கடை டிரைவுல எடுத்துத் தாங்களேன்."

"வர்றவங்களுக்கெல்லாம் மாத்தி மாத்தி, என்னுது எப்பவோ பூட்டிக்கிச்சும்மா."

அப்பாவிடமே கேட்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா என்ற பேச்சு வந்தால் அப்பா எழுந்துபோய் எதையாவது கழுவுவார். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ரொம்பச் சுத்தம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டிரைவின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். மிச்சம் இரண்டு தடவை என்றது. மூன்று எங்கே போயிற்று? கடைக்காரர்கள் மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

பரவாயில்லை, இரண்டே போதும். போக ஒன்று, வர ஒன்று. அந்த வட்டாரத்துக்கு மாற்றி, படத்தை முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, மறுபடி நம் வட்டாரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால் பொடிசின் கார்ட்டூன் ஓடாது. அப்பா சமைக்கிற நேரம் பூரா அவனை உட்கார வைப்பது அந்தக் கார்ட்டூன்தான். ஓடவில்லை என்றால் அழுவான், அப்பா வந்து பார்ப்பார், குட்டு உடையும்.

சனிக்கிழமை அச்சகத்தில் அப்பாவுக்கு முழு ஷிப்ட். அன்றைக்கு வைத்துக்கொள்வோம் கச்சேரியை.

அம்மா மானாகத்தான் இருப்பாள். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவள் வேறு என்னவாக இருக்க முடியும்? மெதுவாகத்தானே பேசுவாள்? அதுவாவது சரியா?

பிப்ரவரி 14, சனி

மிச்சம்: பூஜ்யம்.

நாலு தடவை மூடித் திறந்து பார்த்தேன். பூஜ்யம்தான். நம் வட்டாரத்திலேயே நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டுவிட்டது.

நான் தொடவில்லை. பொடிசுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியும், வட்டாரம் தெரியாது. மிச்சம் ஒரே ஆள்.

அப்படியானால் முன்னால் போன மூன்றில், கடைக்காரர்கள் முதலில் நம் வட்டாரம் வைத்தது ஒன்றுதான்; மற்ற இரண்டும் அப்பா. நாங்கள் பள்ளிக்குப் போனதும் அப்பா தனியாக உட்கார்ந்து மாற்றி, அம்மாவைக் கேட்டு, நாங்கள் வருவதற்குள் திருப்பி வைத்திருக்கிறார். என் கச்சிதமான திட்டம், காப்பி எடுப்பது நீங்கலாக, எனக்கு முன்னாலேயே அவருக்கு வந்திருக்கிறது. வாலுக்கு அப்பன்!

சிரிப்பு வரவில்லை.

கடைசித் தடவை மாற்றும்போது பெரிதாக எச்சரிக்கை வரும் என்று திருப்புளி அண்ணன் சொல்லியிருந்தார் — இதற்கப்புறம் மாற்றவே முடியாது, சம்மதமா என்று. அப்பா அதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, சம்மதம் என்று அமுக்கியிருக்கிறார்.

அம்மா பக்கம் விட்டிருக்கலாமே! ஏன் விடலை?

பிப்ரவரி 15, ஞாயிறு

அப்பாவிடம் பேசவில்லை. சாக்ஸையும் தைக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

இன்று கேட்டேவிட்டேன். அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன்.

"ஏன்ப்பா திருப்பி வெச்சீங்க?"

எதை என்று அவர் கேட்கவில்லை. தட்டைத் தேய்த்துக்கொண்டே, "சாயங்காலம் ஆனா பொடிசு கார்ட்டூன் கேப்பானேம்மா" என்றார்.

"கடைசித் தடவைன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." அடுத்த தட்டை எடுத்தார். "அந்தப் பக்கமே விட்டிருந்தா நான் தினம் அங்கயே உட்கார்ந்திருப்பேன். அன்னைக்கு அடுப்புல பாத்திரம் தீஞ்சு வீடெல்லாம் புகையாச்சே, ஞாபகம் இருக்கா?"

"வேலை நினைப்புல மறந்துட்டேன்னீங்க."

"வேலை நினைப்பு இல்ல."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன், வேறென்னவோ வந்தது. "எனக்கு அம்மா குரல் மறந்து போச்சுப்பா. எல்லார் குரலும் வருது. அது மட்டும் வரலை. பொடிசு கேக்கறான், நான் என்ன பண்றது?"

அப்பா குழாயை மூடினார். பாதி கழுவிய தட்டு கையில் இருந்தது.

"எனக்கும் மறந்துட்டே வந்துச்சு" என்றார். "அதனாலதான் போட்டுப் பார்த்தேன்."

பிப்ரவரி 21, சனி

அப்பாவும் நானும் திருப்புளி அண்ணன் கடைக்குப் போனோம். பூட்டிக்கொண்டதைச் சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ தூரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு வந்தீங்க? இன்னொரு டிரைவு போட்டா ஆச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல இருக்கறது இந்த ஊருக்கு. கீழ போடறதை அந்த ஊருக்கு வெச்சுட்டுக் கை வெக்காம விட்டுடுங்க."

அவ்வளவுதான். அவ்வளவேதான்!

"முன்னாடியே கேட்டிருக்கலாமேப்பா" என்றேன் மெதுவாக.

"கேட்டா, என்ன படம்னு கேப்பாங்க" என்றார் அவர், அதைவிட மெதுவாக.

சொல்லி வாய் மூடவில்லை, அண்ணன் கேட்டார்: "அப்படி என்ன சார் படம், மான், வாத்து, நரின்னு?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கடையில் கழுவ ஒன்றும் இல்லை.

"என் வீட்டுக்காரி பேசின படம்" என்றார்.

அண்ணனிடம் ஒரு கடி ஜோக் தயாராக இருந்தது, நான் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டார். டிரைவை வேட்டித் துணியால் இரண்டு தடவை துடைத்துவிட்டு மாட்டினார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால். பொடிசு அப்பா மடியில்.

மான் பேசியது. அம்மா இல்லை. எனக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தது. அப்புறம் நரி, அது ஓர் ஆண் குரல். அப்புறம் தண்ணீரிலிருந்து வாத்து ஏறி வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு குரல். காடு முழுவதையும் திட்டித் தீர்த்தது. பொடிசு மடியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தான்.

"இதுல அம்மா எதுப்பா?"

"வாத்து" என்றார் அப்பா.

அவன் உடனே நம்பிவிட்டான். எனக்குத்தான் ஏமாற்றம். எத்தனை பூட்டு, எத்தனை திட்டம் — கடைசியில் ஒரு வாத்தா? அது அம்மா குரல் இல்லை. வாத்துக்காக அம்மா மாட்டிக்கொண்ட குரல். நான் கணக்கு வாத்தியாரை மாட்டிக்கொள்கிறேனே, அது மாதிரி. உள்ளே அம்மா எங்கே?

எழுந்திருக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார். "இரு. இப்ப கேளு."

கரையில் நரி ஏதோ நீளமாகக் கதை விட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தி, "கேக்கறியா?" என்றது.

"ம்" என்றது வாத்து.

அந்த "ம்" மட்டும் வாத்து இல்லை.

"அந்த இடத்துல குரலை மாத்த மறந்துட்டா" என்றார் அப்பா. "அங்க யாரும் கவனிக்கல. நான் இதுக்காகத்தான் போடுவேன்."

திரும்பப் போட்டார். திரும்பவும். வாலு, அந்தப் பல்லியை விடு என்று சொல்லிவிட்டு, நான் பல்லி பக்கம் நியாயம் பேசும்போது, காயை நறுக்கிக்கொண்டே போடுவாளே ஒரு "ம்". அதேதான். எனக்கு முன்னால் என் முதுகுக்குத் தெரிந்துவிட்டது.

மெய்யெழுத்து அது. படம் முழுக்க அது ஒன்றுதான் மெய்.

பாத்ரூமில் நின்று அதைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. வெளியே பொடிசு, "வாத்தம்மாவைப் போடு, வாத்தம்மாவைப் போடு" என்று கத்திக்கொண்டிருந்தான்.

மார்ச் 1, ஞாயிறு

வீடு முழுக்க வாத்து. சாப்பிட வாத்து, குளிக்க வாத்து. "எனக்கு அம்மா குரல் வருமே, உனக்கு வராதே" என்று எனக்குப் பழிப்புக் காட்டுகிறான்.

அது அம்மா இல்லைடா என்று சொல்ல இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டு எதைக் கொடுப்பேன்? அரை நொடி "ம்"மையா? அதில் அவனுக்கு யாரைத் தெரியும்?

விட்டுவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

பள்ளியிலிருந்து அப்பாவை வரச்சொல்லி ஆள் வந்தது. அப்பா சட்டை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன பண்ணித் தொலைச்சே?" என்றார். முதல் தடவையாக நான் இல்லை. பொடிசின் பள்ளி. நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

வகுப்பு முடிந்து காலியாக இருந்தது. பொடிசு ஒரு மூலையில் உர்ரென்று நின்றிருந்தான். அவன் மிஸ் சின்னப் பெண், முகமெல்லாம் கலக்கம்.

"சார், அம்மா பத்தி ஆளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னேன். இவன் முறை வந்ததும் எழுந்து நின்னு வாத்து மாதிரி கத்தினான். பசங்க எல்லாம் சிரிச்சாங்க. நிறுத்துன்னா நிறுத்தவே மாட்டேங்கறான். அம்மா இல்லாத பிள்ளைன்னு தெரியும் சார்... அதான் திட்டவும் மனசு வரல. ஏன் இப்படிக் கத்தறான்?"

நான் அப்பாவைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தேன்.

"கத்தல மிஸ்" என்றார் அப்பா. "அவ அப்படித்தான் பேசுவா."

மிஸ், அப்பா சிரிப்பார் என்று காத்திருந்தார். அப்பா சிரிக்கவில்லை. அங்கே இருந்த குட்டி நாற்காலி ஒன்றை இழுத்து, முட்டி நெஞ்சில் இடிக்க அதில் உட்கார்ந்தார். பொடிசைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"கோவம் வந்தா இன்னும் சத்தமா பேசுவா. ஒரு நாள் என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

எனக்கே தெரியாத கதை அது.