அணையாத பச்சைப் புள்ளி

பிப். 12, வியாழன்

பனி. எங்கள் பசியாவரம் தீவிலிருந்து ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. நெட் மட்டும் பரவாயில்லை.

மகளிர் குழுவின் நண்டு, இறால் வெப்சைட், நான் எழுதியது, மானத்தை வாங்குகிறது. சரக்கோடு கரைக்கு வந்தவர் லாகின் செய்தால் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஓட்டல்காரர்கள் பச்சையைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார்கள். பத்து நிமிடம் யாரும் திரையைத் தொடாவிட்டால் லாக்அவுட் ஆகிப் புள்ளி அணைய வேண்டும். அணையவில்லை! குழுவிலிருக்கும் தேவகி அக்கா ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இங்கே பச்சை. ஆர்டர் வந்தது. எடுக்க ஆளில்லை. போயே போச்சு.

குழுத் தலைவி கன்னியம்மா அத்தை வாசலில் வந்து ஒரே சத்தம். "இன்னாடி இது, பச்சை எரியுது, ஆளைக் காணோம்? சனிக்கிழமையும் இப்படியே ஆச்சுன்னா பழையபடி ஏஜென்ட்டுக்கே சரக்கைப் போட்டுடுவோம்."

எனக்கு தேவகி அக்காமேல்தான் சந்தேகம். கரையேறியதும் கேட்டேன். "தண்ணியில நின்னுக்கினு போனை நோண்டினியா?"

"ரெண்டு கையும் சேத்துல கீது. மூக்காலயா நோண்டுவேன்?"

ஷாம்பு வாங்கணும்.

பிப். 13, வெள்ளி

நான் எழுதிய புரோகிராம் முழுக்கப் பார்த்தாச்சு. தப்பே இல்லை. என் போனில் ஒழுங்காக அணைகிறது. எரிச்சலில் அக்காவோடு நானும் ஏரியில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர், நடுக்கம். எல்லோரையும்போல அக்காவுக்கும் போன் கழுத்தில், பிளாஸ்டிக் கவருக்குள். ஆர்டர் வரும் என்று, கரையில் லாகின் செய்த பக்கம் ஏரியிலும் திறந்தேதான் இருக்கும். அவள் குனிந்தாள், தண்ணீர் கவரில் அடித்தது, திரை தானாக மேலும் கீழும் ஓடியது!

ஐயோ! ஈரம் படுவதையெல்லாம் விரல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என் டைமர். ஏரியே லாகின் செய்து உட்கார்ந்திருக்கிறது! கத்திவிட்டேன்.

"கத்தாதடி, இறால் ஓடிடும்."

மாற்றியாச்சு. சும்மா தொட்டால் செல்லாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "கரையில இருக்கியா?" என்று திரை கேட்கும். கூடவே வரும் பட்டையை விரலால் கடைசிவரை இழுக்கணும். இல்லாவிட்டால் லாக்அவுட். வாளித் தண்ணீரில் கவரை முக்கி முக்கிப் பார்த்தேன். ஏமாறவே இல்லை. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

பிப். 14, சனி

நல்ல வெயில். அத்தை என் பக்கத்தில், என் போனையே முறைத்தபடி. பெண்கள் ஏரியில். ஒவ்வொரு புள்ளியாக அணைந்தது, அக்காவுடையதும்.

"எல்லாம் செத்துப்போச்சே!"

"இரு அத்தை."

ரொம்ப நேரம் கழித்து ஒரு பச்சை. தேவகி. உடனே ஆர்டர்! 'எடுத்தாச்சு' என்று வந்தது. அத்தை நம்பவில்லை, படகுத்துறைக்கு ஓடினாள், பின்னாலேயே நான். அக்கா சொட்டச் சொட்ட நின்று, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஓட்டல்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

அத்தை தன் போனை எடுத்தாள். "ஏஜென்ட்டு அண்ணே, இன்னிக்கு நீ வராத. சரக்கு போயிடுச்சி."