கழுவும் அறைப் பக்கத்து எலிகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். வாந்தி நின்றதா? உன் வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்கிறாரா, இல்லை பழையபடி செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொள்கிறாரா?

நீ வெட்டி அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். தாயின் பயம் பேரப்பிள்ளை வரை போகும் என்று தலைப்பு. பஸ் விபத்துக்குப் பிறகு ஹாரன் கேட்டாலே நடுங்குகிறாயே, அது பிள்ளைக்கும் இறங்குமா என்று கேட்டிருக்கிறாய். அடி பைத்தியமே, அந்தச் செய்தி எங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளைப் பற்றியது, அவற்றுக்குத் தீனி போட்டவளே நான்தான்.

தாய் எலிகளுக்கு ஒரு சோப்பு வாசனையைக் காட்டிக் காட்டிப் பயமுறுத்தினோம். அவற்றின் பேரக்குட்டிகளும் அந்த வாசனைக்குத் திடுக்கிட்டுத் துள்ளின. மரபணு மாறாமலே, அதன் மேல் ஒட்டும் குறிகள் வழியாகப் பயம் இறங்குகிறது என்று எங்கள் பேராசிரியர் குதித்தார். எனக்கு உறுத்தியது. அந்தக் குட்டிகளின் கூண்டுகள் மட்டும் கழுவும் அறைச் சுவரை ஒட்டி இருந்தன. கூண்டு கழுவும் இயந்திரம் அலறும்போதெல்லாம் அங்கே அதே சோப்பு வாசனை. பயத்தை அவை பாட்டியிடம் வாங்கவில்லை, அங்கேயே கற்றுக்கொண்டன. வேறு அறையில் வளர்த்த பேரக்குட்டிகள் அந்த வாசனையில் சுருண்டு தூங்கின.

பேராசிரியரிடம் சொன்னேன். "தூங்குற எலியை எவன் போடுவான்? அதை விட்டுடும்மா" என்றார். விட்டுவிட்டுத்தான் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார். அதிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். பெயரோடு வேலையையும் எடுத்துவிட்டார். தூங்கிய எலிகளைப் பற்றி நான் எழுதியதை அதே ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. ஒன்றும் நடக்கவில்லை என்பதில் வாசகருக்கு ஆர்வம் இராதாம். துள்ளிய எலிக்கு அட்டைப்படம். தூ! எலி மூத்திர நாற்றம்கூடப் பழகிவிட்டது, இந்த நாற்றம் குமட்டுகிறது.

மனிதர்களுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. அந்தத் தலைப்பைப் போட்டவனுக்கும் தெரியாது. அவனை நம்பி வயிற்றுப் பிள்ளை விஷயத்தில் நீ எதையும் முடிவு செய்யாதே.

மாதக் கடைசியில் டாக்டரிடம் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். எதற்கென்று எழுதவில்லை. உன் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணியிருக்கிறது. நான் வரும்வரை போகாதேடி. வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். எனக்குத்தான் இப்போது வேலை இல்லையே, நீ போதும் என்கிறவரை இருப்பேன்.

தெருவில் எத்தனை ஹாரன் அடித்தாலும் உன் மடியில் பிள்ளை அசந்து தூங்கட்டும்.

உன்
அக்கா