வைத்த இடமே நெற்றி

முசியே,

இன்று விஜயதசமி. நேற்று பூஜையில் வைத்த பேனாவை இப்போதுதான் எடுத்தேன். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கின்றன. பக்கத்தில் உங்கள் பிரஷ். எத்தனை கழுவினாலும் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனை போகவில்லை. சந்தனமும் டர்பன்டைனும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கலிபோர்னியாவுக்கு, மகள் வீட்டுக்கு நான் வந்த புதிது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரர், "இன்னாய்யா, சாம்பாரா? வாசனை தூக்குது!" என்றார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வாளியைக் கீழே போட்டேன். பிரான்ஸில் பிறந்து, புதுச்சேரியில் பல வருடம் படம் வரைந்து, மீன் மார்க்கெட்டில் தமிழ் கற்றுக்கொண்டவர் நீங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிரெஞ்சில் 'ஐயா'வுக்கு 'முசியே' என்று சொல்லிக்கொடுத்து, அன்றே கராஜுக்கு அழைத்துப்போனீர்கள். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, உங்கள் ஆயுசையே அங்கே வரிசையாகச் சாத்திவைத்திருந்தீர்கள். நிலக்கரிச் சுரங்க ஊரில் இளவயதில் வரைந்தவை கறுப்பும் பழுப்பும். தொழிலாளியின் நகத்து அழுக்குகூடத் தெரிந்தது. கடலோரத்துக்குப் போனதும் நீலம் வந்தது. மனிதர்களின் மூக்கும் வாயும் மறைந்தன. புதுச்சேரியில் மஞ்சள் சுவரும் அதன் நிழலும் மட்டும். இங்கே வந்தபின் காய்ந்த மலைகள், அதுவும் வெறும் பட்டை பட்டையாக.

"ஆளுங்கல்லாம் எங்க போனாங்க முசியே?"

"வெயில்ல கரைஞ்சு பூட்டாங்கய்யா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாமல் தவித்தீர்கள். ஊர் நூலகத்தில் உங்கள் படங்களை வைக்கக் கேட்டிருந்தார்கள். நடுவில் மாட்ட வேண்டிய பெரிய படம் மட்டும் முழு மஞ்சளாகவே நின்றது. சுரண்டுவீர்கள், மறுபடி பூசுவீர்கள். "உசிரு வரல. இதோட பிரஷ்ஷை வச்சுடப் போறேன்" என்றீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. மகளின் கார் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

"ஓய்வு எடுக்கப் போற பிரஷ்ஷுக்கு இன்னாத்துக்குய்யா பொட்டு?"

"இத்தனை வருஷம் சோறு போட்டுச்சே, அதுக்கு!"

பிரஷ், கத்தி, படம் நிற்கும் சட்டம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பூஜையில் எதையும் விட்டுவிடக் கூடாது. சட்டத்தில் நின்ற மஞ்சள் படத்துக்கும் உச்சியில் வைத்தேன். காலையில்தான் புதுப் பூச்சு பூசியிருந்தீர்கள். ஈரத்தில் குங்குமம் அப்படியே இறங்கிவிட்டது. துடைத்தேன், இன்னும் பரவியது.

பின்னால் வந்த என் மகள் அலறிவிட்டாள். "அப்பா! என்னப்பா பண்ணிட்டீங்க? லைப்ரரில டிஸ்ப்ளே பண்ற பெயின்டிங்ப்பா அது! சாரி அங்கிள், ரியலி சாரி!"

நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அந்த இடத்துல ஏன்யா வச்ச?"

"அங்கதானே முசியே நெத்தி இருக்கும்?"

"நெத்தியா!" துள்ளி எழுந்தீர்கள். "வச்சுட்டல்ல, இனிமே அதான் நெத்தி. தள்ளு, மூஞ்சியத் தேடுவோம்!"

மாலைக்குள் அந்தச் சிவப்புக்குக் கீழே ஒருவர் வந்து நின்றார். கண் இல்லை, வாய் இல்லை, நாலைந்து தீற்றல்தான். ஆனாலும் மலையிலிருந்து நம்மைப் பார்க்க இறங்கி வந்த ஆள் என்று எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் வரைந்த படங்களில் எல்லாம் ஆள் இருந்தது. ஒன்றில் வாளியோடு நான்.

"எனக்கு மூக்கே இல்லையே முசியே?"

"உன் மூக்கு படத்துல அடங்காதுய்யா."

போன குளிர்காலம்வரை வரைந்துகொண்டே இருந்தீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மகள் இந்தப் பிரஷ்ஷைக் கொடுத்தார். அதுவரை எழுதப் படிக்கத் தெரியாத நான், உங்களுக்கு எழுதவென்றே கோயில் தமிழ் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். சுழி எங்காவது வழுக்கினால் பிள்ளைகள் ரப்பரை நீட்டுவார்கள். நான் வாங்குவதில்லை. வழுக்கின இடத்திலிருந்தே அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறேன்.

பேனாவில் இருந்த குங்குமம் விரலில் ஒட்டி, இந்தத் தாளின் உச்சியில் சிவப்பாகப் பதிந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன். அதற்குக் கீழேதான் உங்களை எழுதியிருக்கிறேன்.